தாயின் உயிலும் மகனின் கேள்வியும்: வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் இரகசியக் காப்பு

பதிவின் எல்லை

இந்த நிகழ்வில் வரும் அலுவலகம், தனக்கு வந்த சாட்சி அழைப்பாணைக்கு எப்படிப் பதில் சொல்வது என்று ஆலோசனை கேட்ட கட்டத்தில்தான் நான் இதற்குள் வந்தேன். அதற்கு முன் நடந்தவற்றை அவர்களுடைய நாட்குறிப்பின் தேதிகளிலிருந்தும், எடுத்த முடிவுகளைப் பற்றி அவர்கள் சொன்னதிலிருந்தும் அறிந்தேன். கட்சிக்காரர் தனியறையில் பேசியவற்றை என்னிடமும் அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பேச்சு பற்றி இங்கே இருப்பதெல்லாம் பின்னர் நீதிமன்றத்தில் பிள்ளைகளே வாக்குமூலமாகச் சொன்னவை மட்டுமே. வழக்கு முடிந்தபின் வாரிசுகள் மூவரும் எழுத்துமூலம் இசைவு தந்ததால் இது எழுதப்படுகிறது. ஊர், சொத்தின் விவரம், தொகை, ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய பிற செய்திகள் அனைத்தும் விடப்பட்டுள்ளன.

பின்னணி

அலுவலகம் சிறியது. ஒரு வழக்கறிஞர், அவரிடம் பயிலும் ஒரு ஜூனியர், பல ஆண்டுகளாக அங்கேயே இருக்கும் குமாஸ்தா ஆகிய மூவரும்தான் அங்கே பணிபுரிந்தனர். கட்சிக்காரர்களுக்கு வாய்தா தேதி சொல்வது, நகல் மனு போடுவது, தொலைபேசியை எடுப்பது எல்லாமே குமாஸ்தாவின் பொறுப்பு. பெரும்பாலான கட்சிக்காரர்களுக்கு வழக்கறிஞரைவிட அவரைத்தான் நன்றாகத் தெரியும்.

எழுபது வயதைக் கடந்த, கணவரை இழந்த ஒரு பெண்மணிக்குத் தம் பெயரிலேயே ஒரு வீடும் கொஞ்சம் நிலமும் இருந்தன. அவருக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். மூத்த மகன் ஏற்கெனவே இதே அலுவலகத்தின் கட்சிக்காரர். அவருடைய கடை வாடகை தொடர்பான வழக்கு ஒன்றை அலுவலகம் நடத்திக்கொண்டிருந்தது. அந்தப் பழக்கத்தில்தான் தாயை அங்கே அழைத்து வந்தார், கட்டணத்தையும் அவரே கொடுத்தார்.

முதல் ஆலோசனை

வீட்டைத் தமக்கு எழுதிவைக்கத் தாய் விரும்புவதாகவும், அதற்கு ஓர் உயில் தயாரிக்க வேண்டும் என்றும் மகன்தான் பேசினார். தாய் அருகில் அமர்ந்திருந்தார். கேட்ட கேள்விகளுக்கு ஓரிரு சொற்களில் பதில் சொன்னார். சொத்து ஆவணங்களின் நகல்களைக் கொண்டுவரும்படி சொல்லி அலுவலகம் அவர்களை அனுப்பியது.

இந்தக் காட்சி நம் அலுவலகங்களில் நாள்தோறும் நடப்பது. முதியவரைக் கூட்டி வருபவர் ஒருவர், பணம் தருபவரும் அவரே, பேசுபவரும் அவரே, கையெழுத்து மட்டும் முதியவருடையது. இந்த அறையில் யார் கட்சிக்காரர் என்ற கேள்வியை அன்று யாரும் எழுப்பவில்லை. பின்னால் வந்த சிக்கல்களில் பாதிக்கு மேல் இங்கேதான் வேர் கொண்டன என்பது என் கருத்து. கட்டணம் தருபவர் கட்சிக்காரர் ஆகிவிடுவதில்லை. யாருடைய சொத்தைப் பற்றி, யாருடைய விருப்பத்தைப் பற்றி ஆலோசனை கேட்கப்படுகிறதோ அவரே கட்சிக்காரர். மற்றவர் உடன் வந்தவர், அவ்வளவுதான்.

மூன்றாமவர் முன்னிலையில் பேசப்பட்டதால் இன்னொரு விளைவும் உண்டு. வழக்கறிஞரிடம் சொன்னது இரகசியமாகக் காக்கப்பட வேண்டுமானால், அது இரகசியம் என்ற எண்ணத்தோடு சொல்லப்பட்டிருக்க வேண்டும். அறையில் உடன் இருந்தவர் தம் காதால் கேட்டதைச் சாட்சிக் கூண்டில் சொல்வதை எந்தச் சட்டமும் தடுப்பதில்லை. தாய் தனியாகப் பேச ஐந்து நிமிடம் கொடுத்திருந்தால் அந்த முதல் நாளிலேயே வேறு செய்தி வந்திருக்கலாம்.

இரண்டாம் வருகை

சில நாட்கள் கழித்துத் தாய் தனியே வந்தார். வழக்கறிஞர் கதவைச் சாத்திவிட்டு ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவருடன் பேசியதாக நாட்குறிப்பு காட்டுகிறது. மகள் பின்னர் தந்த சாட்சியத்தின்படி, தாய் அன்று இரண்டு செய்திகளைச் சொல்லியிருக்கிறார். சொத்தை மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரித்து எழுத விரும்புகிறார் என்பது ஒன்று. முன்பொரு சமயம் மூத்த மகன் ஏதோ கடனுக்கு ஈடு என்று சொல்லி எழுதாத முத்திரைத்தாளில் தம்மிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார் என்பது மற்றொன்று. “பெரியவனுக்கு நான் வந்தது தெரிய வேண்டாம் சார்” என்று கேட்டுக்கொண்டுவிட்டு வந்ததாகவும் மகளிடம் சொல்லியிருக்கிறார்.

அலுவலகம் எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வழக்கறிஞர் அன்று மாலையே ஜூனியரோடு அமர்ந்து நிலைமையை எழுத்தில் வைத்தார். தாயும் கட்சிக்காரர், மகனும் வேறொரு வழக்கில் கட்சிக்காரர். இருவருடைய நலனும் இப்போது எதிரெதிராக நிற்கின்றன. வழக்கறிஞர்களின் நடத்தைக்கு இந்திய பார் கவுன்சில் வகுத்த விதிகளில் 14-ஆம் விதி, தரப்பினருடன் தமக்குள்ள தொடர்பையும், கட்சிக்காரரின் தீர்மானத்தைப் பாதிக்கக்கூடிய தம் ஈடுபாட்டையும் ஒளிவுமறைவின்றிக் கட்சிக்காரரிடம் சொல்ல வேண்டும் என்கிறது. ஆகவே மகனுடைய வாடகை வழக்கைத் தாங்கள் நடத்துவதைத் தாயிடம் நினைவூட்டி, உயிலை வேறொரு வழக்கறிஞரிடம் எழுதிக்கொள்வதே அவருக்குப் பாதுகாப்பு என்று சொல்லத் தீர்மானித்தார்கள்.

தாயிடம் அதைச் சொல்லலாம். மகனிடம் என்ன சொல்வது? “உங்கள் தாயின் வேலையை எங்களால் தொடர முடியாது” என்று அவரிடம் சொன்னாலே, தாய் மனம் மாறியதை ஊகிக்க அது போதும். “இன்னும் தயாராகவில்லை” என்று சமாளித்தால் அது பொய். தன் கட்சிக்காரர் ஒருவரிடம் பொய் சொல்வதும், மற்றொருவரின் இரகசியத்தை உடைப்பதும் இரண்டுமே கூடாது. மகன் கேட்டால் சொல்ல வேண்டிய பதிலை வழக்கறிஞர் இப்படி எழுதிவைத்தார்: “அம்மாவின் வேலை பற்றி அம்மாவிடமே கேளுங்கள். எங்கள் வழியாக யாருக்கும் எதுவும் போகாது. உங்கள் கடை வழக்கைப் பற்றி உங்கள் தம்பி வந்து கேட்டாலும் இதே பதில்தான் கிடைக்கும்.”

இது நல்ல பதில் என்பேன். பொய் இல்லை, கசிவும் இல்லை. கேட்பவருக்கும் அதே காப்பு உண்டு என்று சேர்த்துச் சொல்வதால் அவர் அவமதிக்கப்படுவதும் இல்லை. ஆனால் அந்தப் பதில் வழக்கறிஞரின் மேசையிலும் ஜூனியரின் நினைவிலும் மட்டுமே இருந்தது. தொலைபேசியை எடுப்பவரிடம் அது போய்ச் சேரவில்லை.

கசிவு

இரண்டு நாளில் மகன் வேறு விஷயமாகத் தொலைபேசியில் அழைத்தார். தம் வாடகை வழக்கின் வாய்தா தேதியைக் கேட்டுவிட்டு, “அண்ணே, அம்மாவைக் கையெழுத்துக்கு என்னிக்குக் கூட்டிட்டு வரட்டும்?” என்று குமாஸ்தாவிடம் கேட்டார். “அம்மாதான் அன்னிக்கே வந்து சார்கிட்ட பேசிட்டுப் போயிட்டாங்களே தம்பி, உங்ககிட்ட சொல்லலையா?” என்றார் குமாஸ்தா. அவர் மனத்தில் தீய எண்ணம் துளியும் இல்லை. உதவும் நோக்கத்தில் சொன்ன ஒற்றை வாக்கியம் அது.

அன்றிரவு வீட்டில் பெரிய தகராறு நடந்தது. மறுநாள் தாய் மகளின் துணையோடு அலுவலகம் வந்தார். தாம் வந்துபோன செய்தி எப்படி வெளியே தெரிந்தது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. தகவல் தங்கள் அலுவலகத்திலிருந்துதான் போனது என்பதை வழக்கறிஞர் மறைக்காமல் சொல்லி, மன்னிப்புக் கேட்டார். அவர் விரும்பினால் இதுபற்றி மாநில பார் கவுன்சிலில் முறையிடவும் உரிமை உண்டு என்பதையும் தெரிவித்தார். இப்படிச் சொல்ல நம்மில் பலருக்கு மனம் வராது. எனினும் இரகசியம் உடைந்ததென்று கட்சிக்காரருக்குத் தெரியாமல் இருந்தால், அடுத்த ஆபத்திலிருந்து அவர் தம்மைக் காத்துக்கொள்ளவே வழியில்லை என்பதால், வழக்கறிஞர் செய்ததுதான் சரி.

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 126-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியம், 2023-இன் 132-ஆம் பிரிவாகத் தொடரும் விதி, கட்சிக்காரரின் வெளிப்படையான இசைவின்றி மூன்றை வெளியிடக் கூடாதென்று வழக்கறிஞரைத் தடுக்கிறது: தொழில்முறைப் பணிக்காகக் கட்சிக்காரர் சொன்னது, அப்பணியில் தாம் பார்த்த ஆவணத்தின் உள்ளடக்கமும் நிலையும், தாம் கொடுத்த ஆலோசனை. பழைய 127-ஆம் பிரிவு அந்தத் தடையை மொழிபெயர்ப்பாளருக்கும் குமாஸ்தாவுக்கும் பணியாளருக்கும் நீட்டியது. இப்போது அது 132-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவில் இருக்கிறது. ஆகவே குமாஸ்தாவும் இந்தக் கடமைக்குள் இருப்பவர்தான்.

ஆனால் குமாஸ்தா சொன்னது என்ன? தாய் வந்தார் என்பது மட்டுமே. அவர் என்ன பேசினார் என்பது குமாஸ்தாவுக்கே தெரியாது. ஒருவர் வழக்கறிஞரைச் சந்தித்தார் என்ற செய்தி, பிரிவின் சொற்களை இறுகப் பிடித்துப் படித்தால், அவர் சொன்ன தகவலுக்குள் அடங்காது. நீதிமன்றத்தில் இதையே கேட்டால் பெரும்பாலும் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும். அப்படியானால் கடமை மீறப்படவில்லையா? மீறப்பட்டது. சாட்சியச் சட்டம் நீதிமன்றத்தில் எதைச் சொல்ல வைக்கக் கூடாது என்பதை வரையறுக்கிறது. தொழில்முறைக் கடமை அதைவிட அகலமானது. பார் கவுன்சில் விதிகளில் 17-ஆம் விதி சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, அதை நேராகவோ சுற்றி வளைத்தோ மீறக் கூடாது என்கிறது. அதோடு நில்லாமல் 24-ஆம் விதி, கட்சிக்காரர் தம்மீது வைத்த நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்தும் எதையும் வழக்கறிஞர் செய்யக் கூடாது என்று தனியே சொல்கிறது. தாம் வந்ததே தெரியக் கூடாது என்று தாய் கேட்டுக்கொண்டபின், வருகையும் அந்த நம்பிக்கையின் பகுதி ஆகிவிட்டது.

இந்த நிகழ்வில் தாய்க்கு உண்மையான துன்பத்தைக் கொடுத்தது இந்தச் செய்திதான், சட்டத்தின் காப்பு மிக மெலிதாக இருந்த செய்தி. இரகசியக் காப்பைப் பற்றிப் பேசும்போது நாம் சாட்சிக் கூண்டையே நினைக்கிறோம். கட்சிக்காரரோ வீட்டுக்குத் திரும்பிப் போய் அதே கூரையின்கீழ் வாழ வேண்டியவர்.

உயில் எழுதப்பட்டது

வழக்கறிஞரின் யோசனைப்படி தாய் வேறொரு வழக்கறிஞரிடம் சென்றார். முதல் அலுவலகத்திலிருந்த சொத்து ஆவண நகல்கள் தாயின் கையிலேயே கொடுக்கப்பட்டன, மகள் மூலம்கூட அனுப்பப்படவில்லை. பெற்றுக்கொண்டதற்கு அவருடைய கையெழுத்தும் வாங்கப்பட்டது. ஆலோசனைக் குறிப்பு ஓர் உறையில் இட்டு முத்திரை வைக்கப்பட்டு, வழக்குக் கட்டுகளோடு சேர்க்காமல் தனியாகப் பூட்டப்பட்டது. மகன் முதல் நாள் கொடுத்த கட்டணத்தை அலுவலகம் திருப்பித் தந்தது.

இரண்டாவது வழக்கறிஞர் மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு தரும் உயிலைத் தயாரித்தார். சார்பதிவாளர் அலுவலகத்தில் அது பதிவும் செய்யப்பட்டது. ஆனால் சான்றொப்பமிடும் சாட்சியாகக் கையெழுத்திட அவர் மறுத்துவிட்டார். உயிலில் சான்றொப்பமிட்டவர், அது எழுதிக்கொடுக்கப்பட்ட விதத்தையும் எழுதியவரின் மனநிலையையும் பற்றிச் சாட்சி சொல்ல வர வேண்டியவர். வழக்கறிஞரே அந்த இடத்தில் நின்றால் எது ஆலோசனை அறையில் கேட்டது, எது சாட்சியாகப் பார்த்தது என்று பிரித்துக்காட்ட முடியாத நிலை உண்டாகும். வசதிக்காக வழக்கறிஞரே சாட்சிக் கையெழுத்துப் போடும் பழக்கம் பரவலாக இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மறைவுக்குப் பின்

ஓராண்டுக்குப் பின் தாய் காலமானார். மூத்த மகன், தாய் தமக்கு எழுதிக்கொடுத்ததாக ஒரு கிரய உடன்படிக்கையை, அதாவது வீட்டை விற்பதற்கான ஒப்பந்தத்தை, காட்டி, அதன்படி வீட்டைத் தமக்குக் கிரயம் செய்து தர வேண்டும் என்று தம்பி, தங்கை மீது வழக்குத் தொடரத் தயாரானார். அந்த வழக்கை நடத்தித் தரும்படி முதலில் வந்து கேட்டது இதே அலுவலகத்திடம்தான். “இதை எங்களால் ஏற்க இயலாது” என்பதற்கு மேல் வழக்கறிஞர் ஒன்றும் சொல்லவில்லை. காரணம் கேட்டபோதும் சொல்லவில்லை, ஏனெனில் காரணமே இரகசியத்தின் ஒரு பகுதி. தாம் சாட்சியாக வர நேரும் என்று நம்பக் காரணமுள்ள வழக்கை வழக்கறிஞர் ஏற்கக் கூடாது என்ற 13-ஆம் விதியும் இங்கே பொருந்தும். வாடகை வழக்கிலிருந்தும், மகனுக்கு முறையாக அறிவித்து, அவர் வேறு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள அவகாசம் தந்து, வக்காலத்தை (வழக்கை நடத்தும் அதிகாரப் பத்திரத்தை) மாற்றிக்கொள்ள இசைவு எழுதிக்கொடுத்து விலகிக்கொண்டார்கள்.

மகன் வேறொருவர் மூலம் வழக்குத் தாக்கல் செய்தார். 2024 ஜூலைக்குப் பின் தாக்கலானதால் புதிய சாட்சியச் சட்டம்தான் அதற்குப் பொருந்தியது. தாய் அலுவலகத்துக்கு வந்தது அதற்கு முன்பு. ஆனாலும் அதனால் ஒன்றும் மாறவில்லை. தொழில்முறைத் தொடர்பு முடிந்த பின்னும் கடமை தொடரும் என்று 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கமும் சொன்னது, புதிய சட்டத்தின் விளக்கமும் சொல்கிறது.

இரு தரப்பும் கேட்ட சாட்சியம்

விசாரணை நடக்கும்போது வழக்கறிஞருக்கு அழைப்பாணை வந்தது. அதுவும் ஒரு தரப்பிலிருந்து மட்டும் அல்ல. வீட்டைத் தமக்குத் தருவதே தாயின் விருப்பம் என்பதை முதல் ஆலோசனையை வைத்து நிறுவ மகன் அழைத்தார். வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கப்பட்டதைத் தாய் வழக்கறிஞரிடமும் சொன்னார் என்று நிறுவ மகள் அழைத்தார். ஆலோசனைக் குறிப்பையும் கொண்டுவரும்படி இருவரும் கோரினார்கள். இந்தக் கட்டத்தில்தான் வழக்கறிஞர் என்னிடம் வந்தார்.

அவருடைய மனப்போராட்டம் எனக்குப் புரிந்தது. தாய் என்ன சொன்னார் என்பது அவருக்குத் தெரியும். மகள் சொல்வது உண்மை என்றால், தாம் வாய் திறந்தால் அநியாயம் ஒன்று தடுக்கப்படும் என்று அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றும் ஒவ்வொரு வழக்கிலும் வாய் திறக்கலாம் என்று வைத்தால், எந்தக் கட்சிக்காரரும் கதவைச் சாத்திவிட்டு உண்மையைப் பேச மாட்டார். இதை நான் தயக்கமின்றி நம்புகிறேன். ஆனாலும் நம்பிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், விதிவிலக்குகள் பொருந்துமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

132-ஆம் பிரிவில் இரண்டு விதிவிலக்குகள் உள்ளன. சட்டவிரோத நோக்கத்தை நிறைவேற்றுவதற்காகச் சொல்லப்பட்ட தகவலுக்குக் காப்பு இல்லை. தாயின் நோக்கம் தம் சொத்தைப் பிள்ளைகளுக்குப் பிரிப்பது, அதில் சட்டவிரோதம் இல்லை. வழக்கறிஞர் பணியில் அமர்ந்த பிறகு குற்றமோ மோசடியோ நடந்ததைக் காட்டும் உண்மையை அப்பணியின்போது அவரே கவனித்தால் அதற்கும் காப்பு இல்லை. இங்கே கையெழுத்து வாங்கப்பட்டது அலுவலகத்துக்குத் தாய் வருவதற்கு முன்பு. மேலும் அது வழக்கறிஞர் கண்ணால் கண்ட உண்மை அல்ல, கட்சிக்காரர் வாயால் கேட்டது. இரண்டுமே பொருந்தவில்லை.

கட்சிக்காரரின் இசைவு என்ற வழியும் அடைபட்டிருந்தது. இசைவு தர வேண்டியவர் உயிரோடு இல்லை. அவர் இடத்தில் நிற்பவர்கள் என்று பார்த்தால் மூவருமே வாரிசுகள், அவர்களோ ஒருவருக்கொருவர் எதிர்த்தரப்பினர். மகள் இசைவு தந்தால் மகன் மறுப்பார், மகன் தந்தால் மகள் மறுப்பார்.

மகனின் வழக்கறிஞர் அமெரிக்கத் தீர்ப்பு ஒன்றை எடுத்துக்காட்டினார். 1897-இல் குளோவர் எதிர் பாட்டன் வழக்கில், இறந்தவர் வழியாகவே உரிமை கோருவோர் தமக்குள் வழக்காடும்போது, உயில் பற்றி அவர் வழக்கறிஞரிடம் சொன்னதற்குக் காப்பு இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. 1998-இல் ஸ்விட்லர் அண்டு பெர்லின் வழக்கில் அதே நீதிமன்றம், காப்பு இறப்புக்குப் பின்னும் நிலைக்கும் என்பதை உறுதி செய்து, முந்தைய விதிவிலக்கு இறந்தவரின் விருப்பத்தை நிறைவேற்றுவதற்கானது என்று விளக்கியது. நம் 132-ஆம் பிரிவில் அப்படி ஒரு விதிவிலக்கு எழுதப்படவில்லை. அதை ஏற்றுக்கொண்டாலும் மகனுக்கு அது உதவாது. அவர் தாயின் வாரிசாக நின்று பங்கு கேட்கவில்லை, தாயோடு உடன்படிக்கை செய்துகொண்டவர் என்று சொல்லி, தாயின் சொத்துக்கு எதிராக நின்று கேட்கிறார்.

நீதிமன்றத்தில்

அழைப்பாணை வந்தால் போகத்தான் வேண்டும். காப்பு என்பது சொல்லாமல் இருப்பதற்கே தவிர, போகாமல் இருப்பதற்கு அல்ல. ஆவணத்துக்கும் இதுவே விதி. புதிய சட்டத்தின் 165-ஆம் பிரிவின்படி, ஆட்சேபம் இருந்தாலும் ஆவணத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுவர வேண்டும், ஆட்சேபம் செல்லுமா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கும். ஆகவே வழக்கறிஞர் குறிப்பை முத்திரையிட்ட உறையிலேயே எடுத்துச் சென்றார். உறையின் மேல் தேதி, பக்க எண்ணிக்கை, “132-ஆம் பிரிவின்கீழ் ஆட்சேபத்துக்கு உட்பட்டது” என்ற ஒரு வரி, இவை மட்டுமே இருந்தன. இன்னாருடைய ஆலோசனை என்றோ, எதைப் பற்றியது என்றோகூட எழுதவில்லை. உறைமேல் எழுதும் தலைப்பே உள்ளிருப்பதைச் சொல்லிவிடக்கூடும் என்பதால் இந்த எச்சரிக்கை. இரு தரப்புக்கும் பொதுவான ஓர் ஆட்சேப மனுவும் தாக்கல் செய்யப்பட்டது. ஒரு தரப்புக்கு எதிராக மட்டும் ஆட்சேபித்தால், மறு தரப்புக்குச் சாதகமான செய்தி உள்ளே இருக்கிறது என்ற ஊகத்துக்கு அதுவே இடமளித்திருக்கும்.

நீதிபதி உறையைத் திறக்கவில்லை. தாய் அலுவலகத்துக்கு எந்தத் தேதிகளில் வந்தார், யார் உடன் வந்தார், அந்த அலுவலகம் உயில் எதையும் எழுதி முடித்ததா என்ற மூன்று கேள்விகளை மட்டும் அனுமதித்தார். பேசப்பட்டவை பற்றிய கேள்விகள் இரு தரப்புக்கும் மறுக்கப்பட்டன. முதல் ஆலோசனையில் நடந்ததை மகன் தம் சொந்தச் சாட்சியமாகச் சொல்லலாம், வழக்கறிஞரின் வாயால் அதை உறுதிப்படுத்திக்கொள்ள முடியாது என்பது அவர் சொன்ன காரணம். வழக்கறிஞர் கூண்டில் நின்றது சில நிமிடங்களே.

காவல் நிலையத்திலிருந்து ஓர் அழைப்பு

இதற்கிடையே உடன்படிக்கை போலி என்று மகள் கொடுத்த புகாரில், வழக்குக் கட்டோடு நிலையத்துக்கு வரும்படி வழக்கறிஞரைத் தொலைபேசியில் அழைத்தார்கள். அவர் வாய்மொழியாக எதுவும் பேசாமல், எழுத்தில் பதில் அனுப்பினார். உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபர் 31 அன்று, தானாக முன்வந்து எடுத்த வழக்கில் வழங்கிய தீர்ப்பு அதில் சுட்டப்பட்டது. 132-ஆம் பிரிவின் விதிவிலக்குகளுக்குள் வந்தாலன்றி, கட்சிக்காரரின் விவகாரத்தை அறிய வழக்கறிஞரை விசாரணை அதிகாரி அழைக்கக் கூடாது, அப்படி அழைக்கும்போது எந்த விதிவிலக்கு, எந்த உண்மைகள் என்று குறிப்பிட வேண்டும், காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத மேலதிகாரியின் ஒப்புதலும் வேண்டும் என்கிறது அத்தீர்ப்பு. வழக்கறிஞரின் கணினியோ கைபேசியோ தேவைப்பட்டாலும் நீதிமன்றத்தில்தான் ஒப்படைக்கச் சொல்ல வேண்டும், மற்றக் கட்சிக்காரர்களின் இரகசியம் கெடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அது கூறுகிறது. மறு அழைப்பு வரவில்லை.

விளைவு

வழக்கறிஞரின் சாட்சியம் இல்லாமலேயே வழக்கு தன் போக்கில் போனது. தாய் தம்மிடம் சொன்னதை மகள் தம் சாட்சியத்தில் சொன்னார். உடன்படிக்கையில் கையெழுத்துக்கு மேலே வரிகள் நெருக்கியடித்து எழுதப்பட்டிருந்ததைக் குறுக்கு விசாரணை வெளிக்கொண்டு வந்தது. சாட்சிக் கையெழுத்திட்ட இருவரும் பணம் கைமாறிய இடத்தை வேறுவேறாகச் சொன்னார்கள். அதன்பின் வழக்கு சமரசத் தீர்வு மையத்துக்கு அனுப்பப்பட்டு அங்கே முடிந்தது. அங்கே பேசப்பட்டவையும் இரகசியம் என்பதால் நிபந்தனைகளை எழுதவில்லை. முத்திரையிட்ட உறை உடையாமலே வழக்கறிஞரிடம் திரும்பி வந்தது.

தகராறு நடந்த இரவுக்குப் பின் தாயும் மூத்த மகனும் பழையபடி பேசிக்கொள்ளவில்லை என்று மகள் சாட்சியத்தில் சொன்னார். வழக்கின் முடிவு எதுவானாலும் அதைச் சரிசெய்யும் வழி இல்லை.

அலுவலகம் மாற்றியவை

முதல் மாற்றம், கட்சிக்காரர் யார் என்பதை முதல் நாளிலேயே எழுதி, உடன் வந்தவர், கட்டணம் தருபவர் ஆகியோரின் பெயர்களைத் தனியாகக் குறித்து, கட்சிக்காரரிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது. உயில், செட்டில்மெண்ட், விடுதலைப் பத்திரம் போன்ற குடும்பச் சொத்து வேலைகளில் எழுதிக்கொடுப்பவரிடம் சிறிது நேரமாவது தனியாகப் பேசாமல் எதையும் தயாரிப்பதில்லை. எல்லோருக்கும் இதுவே வழக்கம் என்று உடன் வந்தவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுவதால் யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு வேலை நடக்கும்போது மற்றொருவர் புதிதாக வந்தால், பேச்சைத் தொடங்கும் முன்பே பழைய கட்சிக்காரர்களின் பட்டியலைப் பார்க்கிறார்கள்.

குமாஸ்தா வேலையில் தொடர்கிறார். அவரை நீக்குவது எளிது, ஆனால் அவருக்கு யாரும் எதையும் சொல்லித்தரவில்லை என்பதே உண்மை. இப்போது கட்சிக்காரரின் சொந்த வழக்கின் வாய்தா தேதியைத் தவிர எதையும் தொலைபேசியில் சொல்வதில்லை, யார் வந்தார் யார் வரவில்லை என்பதையும் சேர்த்து. வெளியே வைத்திருந்த வருகைப் பதிவேடு உள்ளே போய்விட்டது, ஏனெனில் கையெழுத்துப் போட வருபவர் மேல் வரிகளில் உள்ள பெயர்களையும் படித்துவிடலாம். வரைவுகளைக் குமாஸ்தாவின் சொந்தக் கைபேசி வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் நிறுத்தப்பட்டது.

இன்னொன்றையும் சேர்த்திருக்கிறார்கள். உயில் எழுத வருபவரிடம், தங்கள் காலத்துக்குப் பின் இந்த உயில் பற்றி வழக்கு வந்தால், இங்கே பேசியதை வழக்கறிஞர் நீதிமன்றத்தில் சொல்லலாமா, சொல்லலாம் என்றால் எதை மட்டும், யார் கேட்டால் என்று கேட்டு, பதிலை அவர்கள் சொற்களிலேயே எழுதி வாங்குகிறார்கள். இந்தத் தாயிடம் அப்படிக் கேட்டிருந்தால், கையெழுத்து பற்றிச் சொன்னதை வெளியிட அவர் இசைந்திருக்கவும் கூடும், மறுத்திருக்கவும் கூடும். கேட்கப்படுபவர்களில் சிலர் உடனே சம்மதிக்கிறார்கள், சிலர் ஒரு பகுதிக்கு மட்டும் சம்மதிக்கிறார்கள், வேண்டவே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பதில் உயிலோடு சேராமல், ஆலோசனைக் குறிப்போடு அதே உறையில் வைக்கப்படுகிறது.